பத்து முழத் தங்கூசி

ஹரிணி என்னிடம் கேட்டது ஒரேயொரு பக்கம்தான்.

"அங்கிள், ஜஸ்ட் வன் பேஜ். ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்க எந்த ரொட், எந்த ரீல், எந்த லைன். வெப்சைட்டில போடப்போறம். கஸ்டமர்ஸ் எல்லாரும் இன்னும் உங்களைத்தான் கேக்கினம்."

நான் இருபத்து நான்கு வருடம் வேலை செய்த தூண்டில் கடைக்கு இப்போது ஹரிணிதான் மனேஜர். ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட, மில்லிக்கன் பக்கத்துப் பிளாசா ஒன்றின் மூலைக் கடை அது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஓய்வு என்பது பேருக்குத்தான். ஒரு கதிரையில் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் இருக்க முடிவதில்லை. கராஜைத் திறப்பேன், மூடுவேன், தபால் பெட்டியை ஒரு நாளில் மூன்று முறை பார்ப்பேன். "உங்களுக்கென்ன, காலில சக்கரமோ?" என்று என் மனைவி கேட்காத நாளில்லை.

ஒரு பக்கம் என்ன பெரிய வேலையா என்று உட்கார்ந்தேன். தடியைப் பற்றி அரை மணியில் எழுதிவிட்டேன். ரீல் இன்னும் விரைவாக முடிந்தது. நூலுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எழும்பி நடந்தேன். திரும்ப இருந்தேன். திரும்ப எழும்பினேன். இப்படியே நாலு நாள் போனது. ஏன் கை நின்றதென்று எனக்கு முதல் நாளே தெரியும். ஐந்தாம் நாள் ஒரு காரியம் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்றதைச் சொல்லவேண்டும்.

நான் கடலோரத்தான் இல்லை. ஊரில் எங்களுக்கு வெங்காயமும் மிளகாயும்தான் பயிர். மீனைச் சட்டியில் கண்டதோடு சரி. கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஐந்து பேராகக் கிடந்து, கோப்பை கழுவி, பிறகு ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்று, அதுவும் மூடிய பிறகு, "ஆள் தேவை" என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து அந்தக் கடைக்குள் போனேன். முதல் ஒரு வருடம் பெட்டி தூக்கினேன். இரண்டாம் வருடம் நூல் சுற்றினேன். மூன்றாம் வருடம் கவுண்டரில் நின்றேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

கடையின் உரிமையாளர் ஹெர்ப். நியூபவுண்லாந்துக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். கோபம் வந்தால் அந்தக் குரலும் போய்விடும். நீங்கள் ஒரு பிழை விட்டால் அந்தச் சாமானை உங்கள் கையில் தந்துவிட்டுத் தேநீர் போடப் போவார். கேத்தில் கொதித்து முடிவதற்குள் பிழை எதுவென்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். திட்டு வாங்குவது இதைவிடச் சுகம்.

வாடிக்கையாளரிடம் "என்ன தடி வேண்டும்?" என்று நாங்கள் கேட்கக்கூடாது. ஹெர்ப் கேட்க வைத்தது வேறு கேள்விகள். எங்கே நிற்கப்போகிறீர்கள்? காலுக்குக் கீழே மணலா, பாறையா, வள்ளமா? எதை எறியப்போகிறீர்கள்? எவ்வளவு தூரம்? அதற்குப் பிறகு வெறுங்கையால் ஒரு முறை எறிந்து காட்டச் சொல்வார். தோளைப் பார்ப்பார், மணிக்கட்டைப் பார்ப்பார். தடிகள் இருக்கும் பக்கம் கடைசியாகத்தான் திரும்புவார்.

ஸ்ட்ரைப்ட் பாஸ் எங்கள் ஒன்ராறியோ ஏரியில் இல்லை. இல்லாத மீனுக்கு இத்தனை சாமான் விற்கிறோமே என்று நாங்களே பகிடி பண்ணுவோம். உடம்பில் கறுப்புக் கோடு கோடாக ஓடும் கடல் மீன் அது. வசந்தத்தில் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். மே மாதக் கடைசியில் நியூ பிரன்ஸ்விக் ஆறுகளில் கூட்டமாக நிற்கும். எங்கள் சனம் வான் நிறைய ஏறி, பதினைந்து மணித்தியாலம் ஓடி, ஆற்றங்கரையில் கொட்டேஜ் எடுத்து, ஒரு கிழமை நின்று பிடிக்கும். நம்மவர் நிறைந்த மல்வேர்ன் பகுதியில் மட்டும் இப்படிப் போகும் குடும்பங்கள் பத்துப் பதினைந்தை நான் அறிவேன்.

சிவநாதன் குடும்பம் அதிலொன்று. ஐந்து வருடத்துக்கு முந்தி, ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமையொன்றில் மூன்று பேராக வந்தார்கள். சிவநாதன், அவருடைய தம்பி ரவி, சிவநாதனின் மனைவி பவானி. ரவி கடைக்குள் வந்தாலே நாலு பேர் வந்த சத்தம் இருக்கும். நல்ல பகிடிக்காரன்.

"அண்ணை, அண்ணிக்கும் இந்த முறை ஆசை வந்திட்டுது. ஒரு செட் போட்டுக் குடுங்கோ. பாஸ் எல்லாம் இப்பவே பயந்துபோய் நிக்குதாம்" என்றான்.

நான் சிரித்துவிட்டுச் சிவநாதனிடம் கேட்கத் தொடங்கினேன். எங்கே நிற்பீர்கள் என்றேன். கரையிலிருந்து என்றார். எதை எறிவீர்கள் என்றேன். அதையும் அவரே சொன்னார். எறிந்து காட்டச் சொன்னேன். சிவநாதன் எறிந்து காட்டினார். ஆறடி மனிதர், பாரவண்டி ஓட்டுகிறவர். அந்தத் தோளுக்குப் பொருத்தமாகப் பத்தடித் தடி, ஆறாயிரம் என்ற அளவிலக்கப் பெரிய ரீல் எடுத்துக் கொடுத்தேன். பவானி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்று பொய்யிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் கடைக்கு வந்தால் குடும்பத்தில் மூத்த ஆணோடு பேசுவதுதான் மரியாதை என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. அது பிழையென்று அப்போது தோன்றவே இல்லை.

அவர்கள் போனதும் ஹெர்ப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூன்று பேர் வந்தார்கள். தடி யாருக்கு?"

"அந்தப் பெண்ணுக்கு."

"அவளை ஒரு முறையாவது எறியச் சொன்னாயா?"

அவர் கேத்திலை வைக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பவானி தனியாக வந்தார். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ். பத்தடித் தடியை இரண்டாகக் கழற்றிக் கறுப்புப் பையில் போட்டு, பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் பார்க்கப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார். அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "அண்ணை, உது எனக்கு ஏலாது" என்றார். "வலது கை நெஞ்சுக்கு மேல எழும்பாது. பத்தொன்பது வரியம் ஃபக்டரியில பக்கிங் லைனில நிண்ட தோள். ஜூலையில ஒப்பரேஷன். அதுக்குப் பிறகு எறியிற வேலையெல்லாம் மறக்கச் சொல்லிப்போட்டார் டொக்டர்."

"அப்ப இந்த முறை போகாமல் விடலாமே தங்கச்சி?"

"அஞ்சு வரியமாப் போறன் அண்ணை. ஆம்பிளையள் ஆத்தில நிப்பினம். நான் கொட்டேஜில நிண்டு அவை கொண்டுவாற மீனுக்குச் செதிள் உரிப்பன், பொரிப்பன். நான் பிடிச்ச மீன் ஒண்டை ஒருக்கா நான் பொரிக்க வேணும். இந்த முறை இல்லையெண்டால் இனி இல்லை."

இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெரிய மீன் வேண்டும், நல்ல பெயர்போன ரீல் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். பாவித்த சாமானைக் கடை திருப்பி எடுக்காது. ஹெர்ப் தூரத்திலிருந்து, எடு என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். நான் தொடங்கினேன்.

இந்த முறை பவானியைத்தான் எறியச் சொன்னேன். வலது கை சரிவரவில்லை. இடது கையால் எறியச் சொன்னேன். சிரித்தார். எறிந்தார். வடிவாக வந்தது. அப்படியென்றால் தடி இடது கைக்கு, ரீலின் கைப்பிடி வலப்பக்கத்துக்கு. விலாவோடு முழங்கையை வைத்துச் சுற்றினால் வலது தோளுக்கு வேலையில்லை. தடி ஏழடி, நடுத்தர வலு, நுனி கெதியாக நிமிர வேண்டும். கரையிலிருந்து எறிய ஏழடி கட்டைதான். ஆனால் அந்த ஆற்றில் மீன் கரைக்குக் கிட்டவே வரும், அரை அவுன்சிலிருந்து ஒரு அவுன்ஸ் வரையான இரை போதும். ரீல் சின்னது, நாலாயிரம் இலக்கம். வழக்கமாக நான் கொடுக்கிற நாலாயிரத்தை அவர் கையில் வைத்தேன். முகத்தைச் சுளித்தார். அதைவிடப் பாரம் குறைந்த ஒன்று புதிதாக வந்திருந்தது. அதை வைத்தேன். "உது சரி" என்றார்.

பிளாசாவின் பின்பக்கத்துக்குப் போனோம். கொழுக்கி இல்லாத இரையைக் கட்டிக்கொடுத்தேன். குப்பைத் தொட்டிதான் மீன். முதல் எறி ஒரு காரின் கூரையில் விழுந்தது. அது என்னுடைய கார். பத்தாவது எறி தொட்டியின் வாயில் பட்டு உள்ளே போனது. பவானி இடது கையை உயர்த்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இருபது வருடமாக நான் பொருத்திக் கொடுத்த தடிகளில் இதுதான் திறம் என்று எனக்குள் ஒரு பெருமை ஏறிவிட்டது.

இனி நூல். பழகுவதற்குப் போட்டிருந்த பழைய நூலைக் கழற்றிவிட்டுப் புதிது சுற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் அந்த ஒரு பக்கம் நின்றது.

இப்போது எல்லோரும் கேட்பது பின்னல் நூல். மெல்லியது, வலுவானது, இழுபடாது. ஆனால் வழுக்கும். ரீலில் நூல் சுற்றும் வழுவழுப்பான உலோகச் சுருளில் அதை நேரே கட்டினால், எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும், பாரமான மீன் இழுக்கும்போது நூல் முழுவதும் சுருளின் மேல் ஒரு வளையமாகச் சுழலும். நீங்கள் கைப்பிடியைச் சுற்றுவீர்கள். நூல் வராது. அதனால் முதலில் பத்து முழம் தங்கூசியை, அதாவது பழைய ஒற்றை இழை நைலோன் நூலை, சுற்ற வேண்டும். நைலோன் தங்கூசி உலோகத்தைப் பிடிக்கும், பின்னல் தங்கூசியைப் பிடிக்கும். சில ரீல்களில் சுருளின் அடியில் ஒரு ரப்பர்ப் பட்டி ஒட்டியே வரும். அதற்குத் தங்கூசி வேண்டாம்.

சுற்றி முடிந்ததும் ஹெர்ப்பின் சோதனை. நூல் முனையைக் கடையின் பின்கதவுக் கைப்பிடியில் கட்டி, மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் டிராக் திருகை முழுதாகப் பூட்டி, பத்தடி பின்னால் போய், தடி வளைய வளைய உடம்பைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும்; சுருளில் நூல் வழுக்கினால் அங்கேயே தெரிந்துவிடும். எந்த ரீலும் இது இல்லாமல் கடையை விட்டுப் போகக்கூடாது. அதற்குப் பிறகுதான் டிராக்கைத் தளர்த்தி, தராசில் கொளுவி இழுத்து, நூல் தாங்கும் பாரத்தில் காற்பங்குக்கு வைப்போம்.

நான் வழக்கமாகக் கொடுக்கிற நாலாயிரத்தில் ரப்பர்ப் பட்டி உண்டு. அந்தப் புதிய, பாரம் குறைந்த ரீலில் இல்லை. நான் பார்க்கவில்லை. பவானிக்கு டிராக்கைப் பற்றி விளக்கிக்கொண்டே, நூல் சுற்றும் மெசினில் பின்னலை நேரே கட்டிச் சுற்றினேன். பின்கதவுக்கு முன்னால் அன்று வந்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. பவானிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் கையால் இரண்டு இழுவை இழுத்துப் பார்த்துவிட்டு, "தங்கமான செட், கொண்டுபோங்கோ" என்றேன். தராசில் வைத்தபோதும் சின்ன இழுவைதானே, அது காட்டிக்கொடுக்கவில்லை.

ஜூன் முதல் கிழமை பவானி அந்தத் தடியோடு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

"ரெண்டு மூண்டு சின்னன் பிடிபட்டது அண்ணை. அளவுக்குக் குறைவு, திரும்ப விட்டிட்டம். மூண்டாம் நாள் ஒண்டு கொளுவினது. பெரிசு. தடி அப்பிடியே வளைஞ்சு போச்சு. நீங்கள் சொன்ன மாதிரி ஓட விட்டன். நிண்டதும் சுத்தத் தொடங்கினன். சுத்துறன் சுத்துறன், நூல் வரேல்லை. டிராக்கை இறுக்கினன், வரேல்லை. இன்னும் இறுக்கினன். எல்லாரும் கத்திச்சினம். ரவி வந்து தடியைப் பறிச்சான். அவன் கைக்குப் போக நூல் தளர்ந்து மீன் கழண்டு போட்டுது." கொஞ்ச நேரம் ரீலையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் டிராக்கைப் பிழையாப் பிடிச்சிட்டன், என்னண்ணை?"

நான் ரீலை வாங்கி டிராக்கைப் பூட்டி, பெருவிரலால் நூலைத் தள்ளினேன். சுருள் அசையவில்லை. நூல் முழுதும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. ஒரு விநாடியில் எல்லாம் தெரிந்துவிட்டது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். வந்தது இதுதான்: "முதல் தரம் எல்லாருக்கும் வாறது தங்கச்சி. மனசில வைக்காதேங்கோ."

உள்ளே கொண்டுபோய் தங்கூசி போட்டுத் திரும்பச் சுற்றிக்கொண்டுவந்தேன். "சின்ன அட்ஜஸ்ட்மென்ட் செய்திருக்கு" என்றேன். இரண்டு பொய்யிரைகளைச் சும்மா கையில் வைத்தேன். பவானி நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நன்றி!

ஹெர்ப் குப்பைக் கூடைக்குள் கிடந்த, நான் வெட்டிப்போட்ட நூல் முனையைப் பார்த்திருக்கிறார். தங்கூசி முடிச்சு இல்லாத வெறும் பின்னல் முனை. மாலையில் கேட்டார்.

"அவளிடம் சொன்னாயா?"

"சொன்னேன்."

என் கண்ணைப் பார்த்தார். கேத்தில் பக்கம் போகவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த பனிக்காலத்தில் செத்துப்போனார். அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தக் கவுண்டரில் நின்றேன். ஒவ்வொரு சுருளின் அடியையும் இரண்டு முறை பார்த்தேன். யார் அவசரப்படுத்தினாலும் பின்கதவில் கட்டி இழுத்தேன். நல்ல வேலைக்காரன் என்று பெயரும் வந்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழும்பி எங்கேயாவது நடக்க வேண்டும் போலிருக்கும். ஹரிணியின் அந்த ஒரு பக்கத்தில் "பின்னலுக்குக் கீழே தங்கூசி போட மறக்காதீர்கள்" என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஐந்தாம் நாள் காரை எடுத்தேன். மல்வேர்னில் ஒருவரைக் கண்டுபிடிக்க இரண்டு பலசரக்குக் கடையில் விசாரித்தால் போதும். பகல் பதினொரு மணிக்கு அவர்கள் இருக்கும் ரவுண்ஹவுஸ் வீட்டின் பெல்லை அடித்தேன்.

பவானிக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "ஐயோ கடை அண்ணை, வாங்கோ" என்று உள்ளே கூப்பிட்டார். இடது கையாலேயே தேநீர் கொண்டுவந்தார். வலது கை விலாவோடு ஒட்டியபடியே இருந்தது. ஒப்பரேஷனுக்குப் பிறகு தலை சீவுகிற அளவுக்குத்தான் அந்தக் கை எழும்பும் என்றார். மீன் பிடிக்கப் போவதில்லை, கொட்டேஜுக்கு மட்டும் போகிறாராம்.

நான் தேநீரைத் தொடவில்லை. சொன்னேன். ரப்பர்ப் பட்டி, தங்கூசி, பின்கதவு, பெருவிரல், எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை தங்கச்சி. எந்த வீரன் பிடிச்சிருந்தாலும் அந்த மீன் போயிருக்கும். பிழை என்ர. தெரிஞ்சுகொண்டும் உங்களுக்குச் சொல்லேல்லை."

நான் கதிரையின் விளிம்பில் இருந்தேன்.

"அஞ்சு வரியம் அண்ணை" என்றார். குரல் உயரவில்லை. "பேர்த்டே பாட்டி, கலியாண வீடு, எங்க கூடினாலும் ரவி எழும்பி நிண்டு நான் ரீல் சுத்தினதை நடிச்சுக் காட்டுவான். கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து. பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்குங்கள். நானும் சேர்ந்து சிரிச்சனான். என்ர பிள்ளையளுக்கு முன்னால நானும் சிரிச்சனான்."

மன்னித்துக்கொள்ளச் சொல்லி வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பேஸ்மென்ட் படியில் நின்று, "இஞ்ச வாங்கோ ஒருக்கா" என்று கூப்பிட்டார். சிவநாதன் மேலே வந்தார்.

"இவருக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். சிவநாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நான் அண்டைக்கே ரீலை ஒருக்காப் பாத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மனைவியைப் பார்க்கவில்லை.

பவானி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ரவி வேலையில் நின்றான். பின்னால் மெசின் சத்தம் கேட்டது.

"என்ன அண்ணி, திடீரெண்டு?"

"கடை அண்ணை வந்திருக்கிறார். ஒரு விசயம் சொல்லப்போறார். நிண்டு கேள்."

மூன்றாவது முறை சொன்னேன். பாதியில் மெசின் சத்தம் நின்றது.

"சரி விடுங்கோ அண்ணி" என்றான் ரவி. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஒரு மீன்தானே."

"ஓம் ரவி. ஒரு மீன்தான். என்ர மீன்."

போனை வைத்தார். நான் எழும்பப் போனேன்.

"இருங்கோ அண்ணை, எழும்பாதேங்கோ" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் அடுத்த இலக்கத்தைத் தேடினார். "சிரிச்ச வீடு இன்னும் நாலு கிடக்கு."